தேவாலாத் தங்கமும் தீராத நிலவழக்கும்: ஒரு வரலாற்று ஆய்வு

கூடலூரிலிருந்து கேரள எல்லையை நோக்கிப் போகும் சாலையில் தேவாலா, பந்தலூர் என்று இரண்டு ஊர்கள். தேயிலைக்கும் மழைக்கும் பேர்போன ஊர்கள். தேவாலாவைத் தென்னிந்தியாவின் சிரபுஞ்சி என்பார்கள். 1880-இல் இந்தப் பெயர்கள் லண்டன் பங்குச் சந்தையில் அடிபட்டன. 1879 கடைசியில் தொடங்கி ஈராண்டுக்குள், இந்த மலையில் தங்கம் எடுப்பதற்கென்றே சுமார் 40 கம்பெனிகள் பதிவாயின. காகிதத்தில் அவற்றின் மூலதனம் 40 லட்சம் பவுண்டுக்கு மேல். பத்தாண்டு கழித்து அவற்றில் பெரும்பாலானவை கலைந்து போயிருந்தன.

இந்தத் தோல்விக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், பாறையில் தங்கம் குறைவு என்பது. அது உண்மை, ஆனால் பாதி உண்மை. பாறையில் உளி இறங்குவதற்கு முன்பே, நிலம் கைமாறிய விதத்திலேயே இந்தத் தொழில் நொடித்துவிட்டது. அந்த நிலம் யாருடையது, அதன் அடியில் கிடப்பது யாருடையது என்று அன்று எழுந்த கேள்வி தங்கத்தோடு அடங்கவில்லை. நம் காலத்து உச்ச நீதிமன்றம் வரை வந்தது. தங்கத்தைவிட அந்தக் கேள்வியே இந்த வரலாற்றின் முக்கியமான விளைச்சல் என்று நான் கருதுகிறேன்.

கோவைக்காரர்களுக்கு இது அயலூர்க் கதையுமல்ல. நீலகிரி 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. தேவாலா அடங்கிய தென்கிழக்கு வயநாடு அப்போது மலபாரில் இருந்தது; 1877-இல்தான் நம்பலக்கோடு, முனநாடு, சேரங்கோடு என்ற மூன்று அம்சங்களும் (மலபாரின் வருவாய்ப் பிரிவுகள்) நீலகிரியோடு இணைக்கப்பட்டன. மலைக்காப்பியைப் பதப்படுத்தி அனுப்புவதற்கு ராபர்ட் ஸ்டேன்ஸ் 1861-இல் கோவையில் தொழிற்சாலை தொடங்கினார். போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1873-இல் ரயில் வந்தது. மலையில் எது விளைந்தாலும், எது வீழ்ந்தாலும், கணக்கு அடிவாரத்துக்கு வந்து சேரும்.

அரித்தெடுத்த பொன்

கம்பெனிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே பொன் எடுத்தார்கள். 1800-இல் மைசூர், கொங்கு, மலபார் நாடுகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய பிரான்சிஸ் புக்கானன், நிலம்பூர் வழியே ஓடும் ஆற்றில் பொன்தூள் எடுக்கப்படுவதையும், ஒரு நாயர் சிறு தொகையைக் கப்பமாகக் கட்டி அந்த உரிமையைத் தனியே வைத்திருந்ததையும் குறித்திருக்கிறார். ஆற்று மணலில் கிடைக்கும் பொன்னுக்கும் ஒரு குத்தகைதாரர் இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். பொன் யாருக்கும் பொதுவாக இருந்த காலம் இந்த மலைச்சாரலில் நமக்குத் தெரிந்த ஆவணங்களில் இல்லை.

1831-இல் மலபார் கலெக்டர் ஷெஃபீல்டு இதுபற்றி அரசுக்கு விரிவாக எழுதினார். லெஃப்டினன்ட் நிக்கல்சன் என்ற படை அதிகாரி நேரில் ஆராய அனுப்பப்பட்டார். அவருக்கு நம்பிக்கை மிகுதி. ஆனால் ஐரோப்பியர் முதல் போட்டு நடத்துமளவுக்கு இதில் லாபமில்லை என்று 1833-இல் முடிவு கட்டி, அரசு கோப்பை மூடிவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து அந்த முடிவே சரி என்று ஆயிற்று.

அரிப்பு வேலை செய்தவர்கள் குறும்பர், பணியர் என்ற பழங்குடியினர். பணியர் அன்று நிலத்தோடு சேர்த்துக் கைமாறிய அடிமைகள். அடிமை முறையைச் சட்டம் ஒப்புக்கொள்ளாது என்று ஆனது 1843-இல்தான். வேலை இப்படி நடக்கும்: ஓடைக்கரை மண்ணையும் கூழாங்கல்லையும் நடுவில் குழிந்த மரத்தட்டில் அள்ளி, தண்ணீரில் பாதி அமிழ்த்தி, ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். களிமண் கரைந்து ஓடும், கல்லைக் கையால் பொறுக்கி எறிவார்கள், மணல் விளிம்பு வழியே வழிந்து போகும். கடைசியில் கனமான கருமணல் ஒரு பிடி மிஞ்சும். அதையும் மெல்ல அலசினால் தட்டின் குழியில் மஞ்சள் பொடி ஒட்டிக்கொண்டிருக்கும். மலைச்சரிவுகளில் இதையே பெரிய அளவில் செய்தார்கள். மேலேயிருந்து ஒரு கால்வாய் வெட்டி மழைநீரைச் சரிவில் திருப்பிவிட்டு, மேல்மண்ணைக் கரைத்து, கீழே தேங்கியதை அரித்தார்கள். அப்படிக் கரைத்த சரிவுகளும், பாறையைக் குடைந்த பழைய குழிகளும் எவ்வளவு பரந்து கிடந்தன என்பதைப் பிற்காலத்தில் வந்த சுரங்க நிபுணர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். நீரை ஏவி மலையைக் கரைப்பது கலிபோர்னியா கண்டுபிடித்த புதுமை என்று சொல்வது வழக்கம். அதன் எளிய வடிவம் தேவாலாச் சரிவில் முன்பே இருந்தது.

கலிபோர்னியாவின் பீரங்கிக் குழாயும் யூபா ஆற்று உழவர்களும்

அந்த எளிய வேலை பெருந்தொழிலானது கலிபோர்னியாவில். 1853-இல் நெவாடா சிட்டி அருகே எட்வர்டு மேட்டிசன் என்பவர் குழாயின் நுனியில் உலோக மூக்கைப் பொருத்தி, உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீரை மலை மேல் பீய்ச்சினார். சில ஆண்டுகளில் அது மானிட்டர் என்ற இரும்புப் பீரங்கியாக வளர்ந்தது. அணையிலிருந்து பல மைல் கால்வாய், அங்கிருந்து செங்குத்தாக இறங்கும் இரும்புக்குழாய், அதன் முனையில் மானிட்டர். மலைமலையாக மண் சரிந்து, பாதரசம் ஊற்றிய நீண்ட மரத்தொட்டிகள் வழியாக ஓடும். தங்கம் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். மற்றதெல்லாம் ஆற்றுக்கு.

இதற்கு முதல் நிறைய வேண்டும். நார்த் புளூம்ஃபீல்டு என்ற கம்பெனி 1866-இல் சான் பிரான்சிஸ்கோ பணக்காரர்களின் முதலீட்டில் தொடங்கியது. அணை, கால்வாய், பாறையைக் குடைந்த வடிகால் சுரங்கம் என்று பல ஆண்டு செலவழித்த பிறகே முழு உற்பத்திக்கு வந்தது. சில்லறையாகப் பொன் அரித்த தனிமனிதர் இந்தத் தொழிலில் கூலியாளாகிவிட்டார்.

கீழே யூபா ஆற்றின் படுகை மேடேறியது. மேரிஸ்வில் என்ற ஊர் கரைகளை உயர்த்திக்கொண்டே போயிற்று. 1875 வெள்ளத்தில் சேறு ஊருக்குள் புகுந்தது. பழத்தோட்டங்களும் கோதுமை வயல்களும் மணலுக்கடியில் போயின. 1876-இல் கீஸ் என்ற உழவர் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் வென்றார். மேல்முறையீட்டில் தோற்றார். பல கம்பெனிகளின் கழிவு ஆற்றில் ஒன்றாகக் கலக்கிறது, அதனால் எல்லாரையும் ஒரே வழக்கில் எதிர்வாதியாக்க முடியாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யார் சேறு எது என்று பிரித்துக் காட்டு என்றால் எந்த உழவரால் காட்ட முடியும்?

1882-இல் எட்வர்ட்ஸ் உட்ரஃப் என்ற மேரிஸ்வில் சொத்துக்காரர் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி லாரென்சோ சாயர் இளமையில் தானே பொன் தோண்டியவர். பள்ளத்தாக்கையும் சுரங்கங்களையும் பற்றிச் சாட்சியம் மலைபோல் குவிந்தது. நாங்கள் முப்பது ஆண்டாக இப்படித்தான் செய்கிறோம், சுரங்கச் சட்டங்கள் அனுமதிக்கின்றன, ஊர் வழக்கம் இது என்று கம்பெனிகள் வாதாடின. வழக்கமோ சட்டமோ அடுத்தவர் நிலத்தை மண்மூடி நிரப்பும் உரிமையைத் தரவில்லை என்று 1884 ஜனவரி 7 அன்று சாயர் தீர்ப்பளித்தார். ஆற்றில் கழிவைக் கொட்டுவதற்கு நிரந்தரத் தடை விழுந்தது. 1893-இல் காமினெட்டி சட்டம் வந்து, கழிவைத் தேக்கும் அணை கட்டினால் உரிமம் என்று கதவைச் சற்றுத் திறந்தது. தொழில் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மலையிலிருந்து இறங்கிய மண்ணை அளந்து கில்பர்ட் என்ற புவியியலாளர் 1917-இல் அறிக்கை எழுதியபோதும் ஆறுகள் அந்தச் சேற்றைச் சுமந்துகொண்டுதான் இருந்தன.

கொங்கு நாட்டார் இந்தத் தீர்ப்பைப் படித்தால் நொய்யல் நினைவுக்கு வராமல் இருக்காது. ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்கென்று திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் திருப்பூர்ச் சாயத்தண்ணீர் அதில் தேங்கியது. தண்ணீர் கேட்டுப் போராட வேண்டிய ஆயக்கட்டு விவசாயிகள் அதைத் திறந்துவிடாதீர்கள் என்று போராடினார்கள். அவர்களுடைய சங்கம் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பர் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று கெடு வைத்து, அதுவரை லிட்டருக்கு இத்தனை பைசா என்று அபராதமும் விதித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கெடு மீறப்பட்டதால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மொத்தமாக மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எந்தப் பட்டறையின் சாயம் எது என்று பிரிக்க முடியாத நிலையில், எல்லாரும் சேர்ந்து பொறுப்பு என்ற நிலைப்பாட்டைத்தான் இங்கும் நீதிமன்றம் எடுத்தது. கீஸ் தோற்ற இடத்தில் உட்ரஃபும் நொய்யல் விவசாயிகளும் வென்றதற்குக் காரணம் இந்த ஒரு சட்டப் புள்ளி.

மானிட்டர் ஏன் தேவாலாவுக்கு வரவில்லை

அவ்வளவு மழை பெய்யும் மலைக்கு மானிட்டர் வந்திருக்க வேண்டும். வராததற்குக் காரணம் புவியியல். கலிபோர்னியாவில் பழங்கால ஆறுகள் விட்டுச்சென்ற சரளை மண் பல நூறு அடி ஆழத்துக்குக் குவிந்திருந்தது. தங்கம் அந்தச் சரளைக்குள் இருந்தது. தென்கிழக்கு வயநாட்டில் தங்கம் இருப்பது குவார்ட்ஸ் என்ற வெண்கல் பாளங்களில். மேல்மண்ணில் உதிர்ந்து கிடந்ததைத் தலைமுறை தலைமுறையாக அரித்தெடுத்தாகிவிட்டது. மிச்சம் வேண்டுமானால் பாறையை வெட்டி, உடைத்து, மாவாக அரைக்க வேண்டும்.

1860-களில் ஆஸ்திரேலியாவில் தங்கம் தோண்டிப் பழகிய சிலர் காப்பித் தோட்டங்களின் நடுவே இந்தப் பாளங்களைக் கண்டார்கள். 1874-இல் ஆல்ஃபா கம்பெனி தொடங்கியது. 1875-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங் அறிக்கை அளித்தார். அதன் பிறகு இந்திய அரசு அழைத்து வந்தவர் ராபர்ட் பிரவு ஸ்மித். விக்டோரியா மாநிலத்தில் சுரங்கத்துறைச் செயலராக இருந்தவர், அந்நாட்டுத் தங்க வயல்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். தனக்குக் கீழே வேலை செய்தவர்களைக் கொடுமையாக நடத்தினார் என்று விசாரணை வந்து 1876-இல் பதவி விலகியவரும் கூட. தேவாலாவில் அவர் எடுத்த மாதிரிக் கற்களின் சோதனைகள் நம்பிக்கையூட்டின. 1880-இல் அவருடைய அறிக்கை வெளியானது. அவருடைய நேர்மையை நான் ஐயப்படவில்லை. ஆனால் பாளத்தில் செழிப்பான இடத்தில் எடுத்த ஒரு கல்லுக்கும், அதே பாளத்தை ஆயிரம் டன் வெட்டி அரைத்தால் வரும் சராசரிக்கும் உள்ள தூரத்தை அந்த அறிக்கை போதிய அளவு எச்சரித்துச் சொல்லவில்லை. அந்தத் தூரத்தில்தான் 40 கம்பெனிகளும் விழுந்தன.

பங்கு வியாபாரம்

அறிக்கையைவிட முக்கியமான காரணம் காப்பியின் வீழ்ச்சி. 1860-களில் தண்டுத் துளைப்பான் புழு. 1870-களில் இலங்கையிலிருந்து பரவிய இலைநோய். வயநாட்டுத் தோட்டக்காரர்கள் கடனில் தவித்தார்கள். போதாததற்கு 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம்; கோவைச் சமவெளியிலும் மைசூரிலும் ஊர்கள் காலியாயின. தோட்டங்களுக்குக் கூலி வந்த வழிகளே அவைதாம். காப்பி நிலமாக விலை போகாத தோட்டம், அதே எல்லைக்குள் ஒரு வெண்கல் பாளம் ஓடுகிறது என்று தெரிந்தவுடன் தங்க நிலம் ஆனது.

வியாபாரம் நடந்த முறை இது. இடைத்தரகர் தோட்டக்காரரிடம் குறிப்பிட்ட விலைக்கு ஒப்பந்தம் போட்டுக்கொள்வார். லண்டனில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்வார். ஓய்வுபெற்ற படைத்தலைவர் ஒருவர், இந்தியாவில் இருந்து திரும்பிய அதிகாரி ஒருவர் என்று இயக்குநர் பட்டியல் கண்ணியமாக இருக்கும். அறிக்கையின் பத்திகள் விளம்பரத்தில் வரும். பொதுமக்கள் பங்கு வாங்கிய பணத்தில் பெரும்பகுதி நிலத்தின் விலையாகத் தோட்டக்காரருக்கும் தரகருக்கும் போய்விடும். சுரங்கம் வெட்டுவதற்கு மிஞ்சுவது கொஞ்சம். டெவாலா மோயார், இந்தியன் கிளென்ராக், ரோட்ஸ் ரீஃப், இந்தியன் ஃபீனிக்ஸ் என்று பெயர்கள் கணீரென்று ஒலித்தன. பந்தலூரில் ஓட்டலும் கடைகளும் தபால் தந்தி ஆபீசும் முளைத்தன. குதிரைப் பந்தயம்கூட நடந்தது.

இப்படி நிலத்தைக் குறைந்த விலைக்கு வாங்கித் தன் கம்பெனிக்கே கூடிய விலைக்கு விற்பது இங்கிலாந்தில் புதிதல்ல. அதைப் பற்றிய தீர்ப்பும் அப்போதே இருந்தது. கரீபியன் கடலில் சாம்பிரேரோ என்ற தீவை எர்லாங்கர் என்ற வங்கியாளரின் கூட்டு 55,000 பவுண்டுக்கு வாங்கி, தாங்களே தொடங்கிய பாஸ்பேட் கம்பெனிக்கு 1,10,000 பவுண்டுக்கு விற்றது. கம்பெனியைத் தொடங்குபவர் அதற்கு நம்பிக்கைப் பொறுப்பாளர், தன் லாபத்தை மறைக்கக் கூடாது என்று 1878-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்து, விற்பனையையே செல்லாததாக்கியது. தேவாலா மோகம் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு. சட்டம் இருந்தும் அது வாங்குபவரைக் காக்கவில்லை. விற்பனையை ரத்து செய்ய முதலில் கம்பெனி உயிரோடு இருந்து வழக்காட வேண்டும். கைப்பணம் தீர்ந்த கம்பெனி அதைச் செய்யாது. விளம்பரத்தில் பொய் சொன்ன இயக்குநர்மேல் பங்குதாரர் நேரடியாகப் போகலாம் என்றால், அவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நிரூபிக்க வேண்டும் என்று டெரி–பீக் வழக்கில் 1889-இல் அதே சபை கறாராகச் சொன்னது. அதற்கு மறு ஆண்டு நாடாளுமன்றம் இயக்குநர் பொறுப்புச் சட்டம் இயற்றி அந்த ஓட்டையை அடைத்தது. தேவாலாவில் பணம் போட்டவர்களுக்கு அது பத்தாண்டு பிந்திய உதவி.

மலையில் நடந்ததைச் சொல்லிவிடலாம். பாளத்தின் ஆழத்தையும் நீளத்தையும் உறுதி செய்யும் முன்பே அரைக்கும் இயந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டன. கனமான இரும்பு உலக்கைகளை வரிசையாக நிறுத்தி, நீராவியாலோ நீர்ச்சக்கரத்தாலோ தூக்கித் தூக்கிப் போட்டுக் கல்லை மாவாக்கும் ஆலை அது. மாவு தண்ணீரோடு கலந்து பாதரசம் பூசிய செப்புத்தகடுகள் மேல் வழியும். தகட்டைச் சுரண்டி எடுத்துப் பாதரசத்தை ஆவியாக்கினால் தங்கம். இரும்பை மலையேற்றுவதற்கு வழியோ கொடிது. மழைக்காலத்தில் வண்டி நகராது, வயநாட்டுக் காய்ச்சல் வேலையாளையும் மேலாளரையும் ஒன்றாகவே படுக்கவைத்தது. ஆலை ஓடியபோது டன்னுக்குக் கிடைத்தது சில கிராம். பாறை வெட்டும் கூலிக்கே அது காணாது. 1883-க்குள் மோகம் வடிந்துவிட்டது. 1901-இல் ஹேடன், ஹாட்ச் என்ற இருவர் புவியியல் ஆய்வுத்துறைக்காக வயநாட்டுப் பாளங்களை மறுபடி முறையாக மாதிரி எடுத்துப் பார்த்து, லாபத்துக்கு வழியில்லை என்று எழுதினார்கள்.

கோலாரோடு ஓர் ஒப்பீடு

அதே ஆண்டுகளில் அதே லண்டன் பணம் கோலாருக்கும் போனது. அங்கும் முதலில் தோல்விதான். 1880-இல் பதிவான மைசூர் கம்பெனி 1883-க்குள் பணத்தைத் தீர்த்துவிட்டது. மிஞ்சியதைத் திருப்பித் தந்துவிடலாம் என்ற பங்குதாரர்களை ஜான் டெய்லர் நிறுவனம் இன்னொரு முறை முயல இணங்க வைத்தது. பிளம்மர் என்ற சுரங்க மேலாளர் சாம்பியன் பாளத்தின் வளமான பகுதியைக் கண்டார். பிறகு நடந்ததெல்லாம் தெரிந்ததே. 2001 பிப்ரவரி 28 அன்று மூடும்வரை அந்தச் சுரங்கங்கள் ஓடின. வட ஆர்க்காட்டுத் தமிழர்கள் பல தலைமுறை அங்கே உழைத்தார்கள்.

கோலாரின் பாளம் வளமானது என்பதே முதல் காரணம்; மறுப்பதற்கில்லை. இரண்டாவது காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. அங்கே நிலத்துக்கடியில் உள்ளதற்கு ஒரே உரிமையாளர், மைசூர் அரசு. 1875-இல் லவேல் என்ற முன்னாள் படைவீரருக்கு அது உரிமம் கொடுத்தது. பின்னால் வந்த கம்பெனிகள் அந்த ஒரே மூலத்திலிருந்து குத்தகை பெற்று, எடுத்த தங்கத்தில் நூற்றுக்கு 5 வீதம் அரசுக்குக் கொடுத்தன. நிலத்தின் விலை என்று முன்பணத்தை விழுங்கும் தோட்டக்காரர் நடுவே இல்லை. தங்கம் வந்தால் அரசுக்குப் பங்கு, வராவிட்டால் இல்லை. 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து கோலாருக்கு மின்சாரம் போனது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கொள்ளேகால் தாலுகா 1956 வரை நம் கோயம்புத்தூர் மாவட்டம். மலையைக் கரைக்கப் பயன்படாத கொங்கு எல்லை நீர் பாறையை அரைக்கப் பயன்பட்டது.

தென்கிழக்கு வயநாட்டில் உரிமை சிக்கலாக இருந்தது. நிலம்பூர்க் கோவிலகமும் நெல்லியாளம் அரசும் ஜன்மிகள், அதாவது பரம்பரை நிலவுடைமையாளர்கள். பழசி ராஜா 1805-இல் வீழ்ந்தபின் அவருடைய நிலங்கள் தன்னுடையவை என்று கிழக்கிந்தியக் கம்பெனி அரசு சொல்லிக்கொண்டது. ஜன்மியிடம் குத்தகை எடுத்தவர் காப்பித் தோட்டக்காரர்; அவரிடம் வாங்கியது தங்கக் கம்பெனி. அடியில் உள்ள கனிமம் ஜன்மிக்கா, குத்தகைக்காரருக்கா, அரசுக்கா? மரம் நடக் கொடுத்த குத்தகையில் சுரங்கம் வெட்டலாமா? இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான விடை இல்லாத நிலத்தைத்தான் லண்டனில் தங்க விலைக்கு விற்றார்கள்.

நீதிமன்றத்தில் ஜன்மம் நிலம்

கம்பெனிகள் போனபின் நிலத்துக்குத் தேயிலை வந்தது. ஜன்மி முறை அப்படியே நீடித்தது. தமிழ்நாடு அரசு 1969-இல் கூடலூர் ஜன்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஏறக்குறைய 80,000 ஏக்கர் இதற்குள் வந்தது. பால்மடீஸ் தோட்டக் கம்பெனி எதிர்த்து வழக்காடியது. 1972-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தைப் பெரும்பாலும் ஏற்றது. காடுகளை எடுத்துக்கொள்வது மட்டும் விவசாயச் சீர்திருத்தம் ஆகாது என்று அந்தப் பகுதியை வெட்டியது. நாடாளுமன்றம் 1974-இல் அரசியல் சட்டத்தின் 34-ஆவது திருத்தத்தின் மூலம் அந்தச் சட்டத்தை முழுமையாக ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது. அட்டவணைக்குள் போய்விட்டால் நீதிமன்றம் தொட முடியாது என்பது அன்றைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை உடைத்ததும் இதே நிலம். கொய்லோ எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டமும் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை மீறுகிறதா என்று நீதிமன்றம் சோதிக்கலாம் என்பது அதன் சாரம். சட்டக் கல்லூரிகளில் இந்தத் தீர்ப்பைப் பாடமாகப் படிக்கிறார்கள். அது கூடலூர் மலையில் பிறந்த வழக்கு என்பது கோவைச் சட்ட மாணவர்களிலேயே பலருக்குத் தெரிந்திருக்குமா என்பது ஐயம்தான்.

இரண்டாவது தீர்ப்பு காட்டைப் பற்றியது. நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, தம் குடும்பத்திடமிருந்து அரசுக்குப் போன கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதைப் பார்த்து 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த ஆணை, யாருக்குச் சொந்தமானாலும் காடு காடுதான், மத்திய அரசின் அனுமதியில்லாமல் அதில் சுரங்கமோ மரஅறுவையோ கூடாது என்று இந்தியா முழுமைக்கும் விதி வகுத்தது. ஜன்மி குடும்பத்தில் பிறந்த ஒருவர் தொடுத்த வழக்கு, நாடெங்கும் காட்டுக்குள் சுரங்கம் தோண்டியவர்களின் கையைக் கட்டியது.

மூன்றாவது தீர்ப்பு 1880-இன் கேள்விக்கே நேர் விடை. மலபார் ஜன்மம் நிலத்தின் அடியில் உள்ள கனிமம் யாருடையது என்று கேரளத்துக் கல்குவாரி உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில், திரேசியம்மா ஜேக்கப் வழக்கு என்று அதைச் சொல்வார்கள், 2013 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கனிமம் தானாகவே அரசுக்குச் சேரும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. முறையான சட்ட வழியில் பறிக்கப்படாதவரை நிலவுரிமையோடு அடிநில உரிமையும் சேர்ந்தே இருக்கும் என்றது. இந்த விடை 130 ஆண்டு முன்பு தெளிவாக இருந்திருந்தால், தேவாலாக் கம்பெனிகள் நிலத்தை விலைக்கு வாங்காமல் ஜன்மியோடு நேரடியாகக் கோலார் மாதிரி பங்கு ஒப்பந்தம் போட்டிருக்க வழியுண்டு. தங்கம் கூடியிருக்காது. நட்டம் சிறுத்திருக்கும்.

இன்றைய நிலை

கூடலூரில் ‘செக்‌ஷன் 17’ என்று சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஜன்மியிடம் தோட்டத்துக்கென்று குத்தகை எடுத்த நிலங்களை 1969 சட்டத்தின் 17-ஆவது பிரிவு தனியாக வைத்தது. குத்தகையைத் தொடர்வதா முடிப்பதா என்பது அரசின் முடிவு. அந்த முடிவு பல இடங்களில் இன்னும் வரவில்லை. வழக்கு நடக்கும் நிலத்தில் வீடு கட்டிக்கொண்ட குடும்பங்கள் பட்டா இல்லாமல், மின் இணைப்புக்கு அலைந்து திரிகின்றன. அவர்களில் இலங்கையிலிருந்து திரும்பி அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த மலையகத் தமிழரும் உண்டு, சமவெளியிலிருந்து மேலே போன எளியவர்களும் உண்டு. பணியரும் குறும்பரும் யாருடைய நிலத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டால் ஆவணத்தில் எளிதில் விடை கிடைக்காது. அவர்களுடைய முன்னோர் பொன் அரித்த காலத்திலும் கிடைக்கவில்லை. 1880-இல் தொடங்கிய உரிமைக் குழப்பத்தின் மிகக் கனமான பங்கு இவர்கள் தலையில் இருப்பதை, சட்ட வரலாறு எழுதுபவர்கள் அடிக்குறிப்பாக ஒதுக்கிவிட முடியாது.

கைவிட்ட சுரங்கங்களுக்குள் இன்றும் ஆட்கள் இறங்குகிறார்கள். வெண்கல்லை மூட்டையில் சுமந்து வந்து, உடைத்து, அரைத்து, பாதரசத்தோடு பிசைந்து பொடித்தங்கம் எடுக்கிறார்கள். உரிமம் கிடையாது, மண் சரிந்து உயிர் போனதுண்டு. வனத்துறை சுரங்க வாயை அடைக்கும், அவர்கள் வேறு வழியாக இறங்குவார்கள்.

அந்த மலையின் தண்ணீரைப் பற்றிய வழக்கும் முடியவில்லை. கூடலூர்ப் பக்கம் பிறக்கும் பாண்டியாறு மேற்கே இறங்கிப் புன்னம்புழையோடு சேர்ந்து நிலம்பூர் வழியாகச் சாலியாற்றில் கலக்கிறது. புக்கானன் பொன்தூள் பார்த்த அதே ஆற்றுப்படுகை. அந்த நீரின் ஒரு பகுதியைக் கிழக்கே மோயாற்றுக்குத் திருப்பிப் பவானிசாகருக்குக் கொண்டுவர வேண்டும் என்பது ஈரோடு, திருப்பூர், கோவை விவசாயிகளின் பல பத்தாண்டுக் கோரிக்கை. 2019 செப்டம்பரில் தமிழ்நாடு, கேரள முதலமைச்சர்கள் திருவனந்தபுரத்தில் சந்தித்தபோதும் பாண்டியாறு–புன்னம்புழைத் திட்டம் பேசப்பட்டது. மேல்மடைக்காரர் தமிழ்நாடு, கீழ்மடைக்காரர் கேரளம். மலையும் காடும் கோதவர்மன் ஆணையின் கீழ், நிலத்தில் ஒரு பகுதி செக்‌ஷன் 17 வழக்கின் கீழ். கால்வாயோ சுரங்கப்பாதையோ எங்கே வெட்டினாலும் முதலில் வரப்போகும் கேள்வி, 1880-இல் தங்கக் கம்பெனியின் வக்கீல் கேட்க மறந்த அதே கேள்விதான்: இந்த நிலத்தை எழுதிக்கொடுக்கும் உரிமை யாருக்கு?